நாலணா வெற்றிலை

பொன்மணியின் கல்யாணம் அறுபட வேண்டிய நாளில் அறுபடாமல் போனதற்கு அவளும் காரணமில்லை, அவள் புருஷனும் காரணமில்லை. இருவரும் மனமொத்துத்தான் வந்து உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணத்தன்றுகூட அவர்கள் அவ்வளவு மனமொத்து உட்கார்ந்ததில்லை. பெட்டிக்கடை அய்யாதுரைதான் காரியத்தைக் கெடுத்தார். ஒரு நாலணாவை நீட்டி வெற்றிலை கேட்டபோது, கையை மடக்கிக்கொண்டு மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

நாலணாவுக்கும் கல்யாணம் அறுபடுவதற்கும் என்ன சம்பந்தம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். எங்கள் கூட்டத்து வழக்கம் அப்படி. பரிசம் போடும்போது மாப்பிள்ளை வீட்டார் ஒன்பதேகால் ரூபாய் வைப்பார்கள். ஒன்பது ரூபாய் பெண்ணைப் பெற்றவளுக்கு, பால்கூலி. மீதிக் கால் ரூபாயை, ஒற்றை நாலணாக் காசாக, பெண்ணின் முந்தியில் முடிந்துவிடுவார்கள். அதில் அப்பனுக்கும் பங்கில்லை, புருஷனுக்கும் பங்கில்லை. ஒத்து வாழ்கிறவரைக்கும் அது அஞ்சறைப்பெட்டியில் கிடக்கும். ஒத்து வரவில்லையா, அந்தக் காசைக் கூட்டத்துக்கு முன்னால் தட்டில் வைத்துவிட வேண்டியது. புருஷன் அதை எடுத்துப்போய், அந்தக் காசுக்கே வெற்றிலை வாங்கி வந்து, ஆளுக்கொன்றாகப் போட்டுத் துப்பினால் தீர்ந்தது. கோர்ட் இல்லை, வக்கீல் இல்லை.

ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. நாலணாவைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. கூட்டி வைத்தால் குற்றம் கட்டியதாகிவிடும். தப்புப் பண்ணினவள் பெண்தான் என்று ஊர் எடுத்துக்கொள்ளும். குறைத்தால் புருஷன் வீட்டுக்கு இன்னும் கடமைப்பட்டவள் என்று அர்த்தம். பெண்பிள்ளை கையில் இப்படி ஒரு சாவியைக் கொடுத்து வைத்த எங்கள் முன்னோர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. அந்தக் காசை ஒருநாள் கடைக்காரன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான் என்று அவர்கள் எங்கே கண்டார்கள்?

எங்கள் ஊர் ஆமத்தூருக்கு மேற்கே கரிசல் காட்டுக்குள் இருக்கிறது. ஒரு காலத்தில் பருத்திக்குக் களை வெட்டப்போன சனம். இப்போது விடிந்தும் விடியாமலும் பட்டாசுக் கம்பெனி வேன்கள் வந்து முக்கில் நின்று ஹாரன் அடிக்கும். தூக்குச்சட்டியும் கையுமாகப் பெண்கள் ஓடுவார்கள். பொன்மணி அப்படி ஓடுகிறவள்தான். சரம் பின்னுவது அவளுக்கு வேலை. சிவப்புத்தாள் சுற்றிய குருவி வெடிகளை எடுத்து, திரியோடு திரி சேர்த்து, நூலை வளைத்து வளைத்துப் பின்னிக்கொண்டே போக வேண்டும். அந்தத் தாளின் சாயம் ஏறி அவள் விரல் நுனிகள் எந்நாளும் மருதாணி வைத்த மாதிரி சிவந்திருக்கும்.

புருஷன் முத்துப்பாண்டி திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனவன். முதலில் தீபாவளிக்குத் தீபாவளி வந்தான். பிறகு பொங்கல், பிறகு அதுவும் இல்லை. அங்கே இன்னொருத்தியோடு குடும்பம், ஒரு பெண்குழந்தை. ஊருக்கே தெரிந்த சங்கதி. அவன் பொல்லாதவன் என்று சொல்ல மாட்டேன். தைரியம் இல்லாதவன். அந்த ஒரு குணத்தால் ரெண்டு பெண்கள் வாழ்க்கையைத் தொங்கலில் விட்டிருந்தான்.

பொன்மணி அப்பன் வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. மாமியார் வெள்ளைத்தாயோடுதான் இருந்தாள். மாமியார் என்றால் வெறும் மாமியார் இல்லை, சொந்த அத்தை. அவள் அப்பா நாகையாவின் கூடப்பிறந்த அக்கா. வெள்ளைத்தாய் தினமும் காலையில் வேன் நிற்கும் முக்கில் பணியாரம் விற்பாள். ராத்திரி மாவு ஆட்டிக் கொடுப்பது பொன்மணி, விடியுமுன் சுட்டு எடுப்பது வெள்ளைத்தாய். ஒருத்தி பேச, ஒருத்தி எதிர்த்துப் பேச, அந்த வீட்டில் ஆம்பிளை இல்லாத குறை யாருக்கும் தெரிந்ததே இல்லை.

இந்த நிலைமையில்தான் வேன் டிரைவர் கதிரவன் பொன்மணியைக் கேட்டான். அவனும் எங்கள் கூட்டம்தான். தங்கச்சிமார் ரெண்டு பேரைக் கரையேற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது முன்தலையில் முடி போயிருந்தது. "முறையா அத்துவிட்டு வரட்டும். ஆனி மாசம் தாலி கட்டிருதேன்" என்று நாகையாவிடம் நேரே வந்து சொன்னான். பொன்மணியும் சரி என்றாள். திருப்பூருக்குப் போன் போட்டதும் முத்துப்பாண்டி மூன்று வருசமாகச் சொல்லத் தெரியாமல் முழுங்கிக்கொண்டிருந்த சரியை ஒரே மூச்சில் சொன்னான். எல்லாருக்கும் சரி. வெள்ளைத்தாயிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இரண்டாயிரத்து எட்டாம் வருசம், சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. கம்பெனி லீவு. தண்ணீர்த்தொட்டி நிழலில் கூட்டம் கூடியது. நடுவில் கருப்பணன். ஆலங்குளத்தில் சிமெண்டு ஆலைக்குக் கல் வெட்டி ஓய்வு பெற்றவர். தொண்டையில் எப்போதும் சுண்ணாம்புக்கல் தூசி இருப்பது மாதிரி கனைத்துக் கனைத்துப் பேசுவார்.

பொன்மணி முந்தியை அவிழ்த்து நாலணாவைத் தட்டில் வைத்தாள். ஒரு பக்கம் காண்டாமிருகம் போட்ட சின்ன வெள்ளைக் காசு. முத்துப்பாண்டி எடுத்துக்கொண்டு, தொட்டிக்கு எதிரே இருந்த அய்யாதுரை கடைக்குப் போனான்.

"அண்ணாச்சி, இதுக்கு வெத்தலை குடுங்க."

அய்யாதுரை காசைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "ஏலே, திருப்பூர்ல இருந்து இதைத்தான் சம்பாரிச்சுக்கிட்டு வந்தியாக்கும்? இதை எவன் வாங்குதான்? தீப்பெட்டியே போன வருசக் கடைசியில எட்டணாவுல இருந்து ஒரு ரூபா ஆயிட்டு. அன்னையில இருந்து எட்டணாவுக்கே மதிப்பில்ல. நாலணாவை வாங்கி நான் யாருக்குக் குடுக்க? மாட்டேன்ப்பா."

கூட்டம் சிரித்தது. கருப்பணன் அங்கிருந்தே குரல் கொடுத்தார். "ஏப்பா அய்யாதுரை, இது ஏவாரம் இல்ல, ஊர்க் காரியம். வாங்கிட்டு ரெண்டு வெத்தலையைக் குடுத்திரு."

"ஓ, அந்தக் காசா? முன்னமே சொல்லப்புடாதா? காசு வேண்டாம், சும்மாவே கொண்டு போங்க" என்று அவர் வெற்றிலையை எடுக்கப் போனார்.

அப்போதுதான் பெண்கள் வரிசையிலிருந்து வெள்ளைத்தாய் எழுந்தாள்.

"நிறுத்துங்க. ஓசி வெத்தலைக்கு அத்துவிட என் மருமக என்ன பிச்சை எடுத்தா வந்தா? காசுக்கு வாங்கணும், அதான வளக்கம்? அவன் வாயால மாட்டேன்னு சொல்லிட்டான். ஊரே கேட்டுச்சு. செல்லாத காசு. காசு செல்லலேன்னா தீர்ப்பும் செல்லாது."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் தொல்லை.

"அக்கா, நீ சும்மா இரு" என்றார் நாகையா.

"நீ சும்மா இருலே. உன் பொண்ணைக் கட்டிக்குடுத்த அன்னைக்கே உன் பேச்சு முடிஞ்சுபோச்சு."

யாரோ ஒருவர் ஒரு ரூபாய் வைத்துவிடலாமே என்றார். பொன்மணி அதுவரைக்கும் தலை குனிந்திருந்தவள் நிமிர்ந்தாள். "ஒரு ரூபா வச்சா குத்தம் கட்டுனதா ஆகும் மாமா. நான் என்ன குத்தம் பண்ணுனேன்? விட்டுட்டுப் போனது நானா? நாலணாதான் வாங்குனேன், நாலணாதான் வைப்பேன்." முத்துப்பாண்டி தரையைப் பார்த்துக்கொண்டான்.

கருப்பணன் கனைத்தார். அவருக்குப் பழைய கதை பேச ஒரு வாய்ப்பு கிடைத்துவிட்டது.

"இந்தச் சிக்கல் இன்னைக்கு வந்ததில்லப்பா. வெள்ளைக்காரன் போயி சிங்கத்தலைக் காசு வந்தப்ப, பத்திரகாளின்னு ஒரு பொம்பளை ராஜா தலை போட்ட நாலணாவைக் கொண்டாந்து வச்சாளாம். எங்கய்யா சொல்லுவாரு. ராஜாவே இல்ல, ராஜா தலை எப்பிடிச் செல்லும்னு புருசன் வீட்டுக்காரன் கேட்டிருக்கான். கடைக்காரரு பாத்தாரு, சுத்த வெள்ளி. வெத்தலையோட ஒரு சீப்பு வாளைப்பளமும் சேத்துக் குடுத்தாராம்."

"அப்ப இதுவும் வெள்ளியான்னு பாருங்க" என்றது ஒரு குரல்.

"இதுல ராஜாவும் இல்ல, வெள்ளியும் இல்ல. காண்டாமிருகந்தான் இருக்கு. கேளுங்கப்பா. பெறகு அணா போயி நயா பைசா வந்துச்சு. அப்ப எனக்கு மீசை அரும்புத வயசு. ஓரணாவுக்கு ஆறு நயா பைசான்னான். நாலு ஓரணாவை மாத்துனா இருபத்தி நாலுதான் வருது. ஒரு பைசாவை எவன் தின்னான்னு ஊரெல்லாம் சண்டை. ஆனா நாலணாக் காசா மாத்துனா சுளையா இருபத்தஞ்சு. அதுல யாருக்கும் வம்பில்ல. அணா செத்தும் நாலணா சாகாம நின்னது அதனாலதான். சர்க்கார் இன்னைக்கும் இதைச் செல்லாதுன்னு சொல்லல. கடைக்காரன்தான் சொல்லுதான்."

"சர்க்காரா வெத்தலை விக்குது?" என்றாள் வெள்ளைத்தாய்.

கடைசியில் வைகாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூடுவது என்று முடிவாயிற்று. அதற்குள் நாலணாவுக்கு வெற்றிலை தரும் ஒரு கடையை நாகையா கண்டுபிடிக்க வேண்டும். கூடச் சாட்சிக்குக் கருப்பணன் போக வேண்டும். முத்துப்பாண்டி ராத்திரிச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் பஸ் ஏறினான். கூட்டம் கலைந்தபோது ஊர் ஒரு வேடிக்கையைப் பார்த்தது. அத்துவிடச் சொன்ன மருமகளும் மாட்டேன் என்ற மாமியாரும் ஒரே குடையைப் பிடித்துக்கொண்டு ஒரே வீட்டுக்குப் போனார்கள். அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்துச் சாப்பிட்டார்களாம்.

நாகையாவுக்கு அலைச்சல் தொடங்கியது. சிவகாசியில் வெற்றிலைக் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினார். சிலர் சிரித்தார்கள், ஒருவர் கோபித்துக்கொண்டார், ஒருவர் மிட்டாய் ஒன்றைக் கையில் வைத்து அனுப்பினார். விருதுநகர் பஜாரில் மட்டும் ஒரு மொத்த வியாபாரி காது கொடுத்துக் கேட்டார்.

"பெரியவரே, நாலணாவா ஒரு நாப்பது கொண்டாங்க. பத்து ரூபாய்க்கு நல்ல வெத்தலையாத் தாறேன். பேங்குல கட்டிக்கிடுதேன். ஒத்தைக் காசை வச்சு என்ன செய்ய?"

"எங்களுக்கு ஒத்தைதான் முதலாளி. என் மகளுக்கு ஒரு புருசன்தான் இருக்கான்" என்றார் நாகையா. வியாபாரிக்கு ஒன்றும் புரியவில்லை. கருப்பணன் வெளியே வந்து வெயிலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

விடாமல் ஒரு திங்கட்கிழமை சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனுக் கொடுக்கிற வரிசையிலும் நின்றார்கள். அங்கே இருந்தவர் பொறுமையாகக் கேட்டு, "செல்லுமுங்க ஐயா. யாரும் வேண்டாம்னு சொல்லக் கூடாது" என்று தெளிவாகச் சொன்னார். நாகையாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெளியே வந்து ரோட்டோரத்து டீக்கடையில் அந்தச் சந்தோஷத்தோடு நாலணாவை நீட்டி ஒரு வெற்றிலை கேட்டார். டீக்கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். அன்றைக்கு எண்ணெய்ப் புரோட்டா வாங்கித் தின்றுவிட்டு இருவரும் ஊர் திரும்பினார்கள். புரோட்டாவுக்குக் கருப்பணன்தான் காசு கொடுத்தார்.

இதற்கிடையில் வெள்ளைத்தாய் இன்னொரு காரியம் பண்ணினாள். கதிரவனுக்குப் பணியாரம் கொடுப்பதை நிறுத்திவிட்டாள். அவன் வருசக் கணக்காக வேனை நிறுத்தியதும் முதலில் அவளிடம் வந்து நாலு பணியாரம் வாங்கித் தின்கிறவன். இப்போது பெட்டி நிறையப் பணியாரம் ஆவி பறக்க இருக்கும்போதே, "தீந்துட்டு" என்பாள்.

"பெட்டியில இருக்குல்லா பெரியம்மா?"

"அது சொல்லி வச்சது."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு போய் சீட்டில் உட்காருவான். மறுநாளும் வந்து கேட்பான். "தீந்துட்டு." ஒருநாளும் கோபித்துக்கொள்ளவில்லை, ஒருநாளும் வராமல் இருக்கவும் இல்லை. வேனில் இருக்கிற பெண்கள் தங்கள் பங்கில் ஒன்றை நீட்டினாலும் வேண்டாம் என்பான். பொன்மணி ஜன்னலோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்குச் சிரிப்பும் வரும், வயிற்றெரிச்சலும் வரும்.

வைகாசிக் கடைசி வாரம், சனிக்கிழமை மத்தியானம் திடுமென்று வடக்கே கருத்தது. இடி இறங்கினால் பட்டாசுக் கம்பெனிக்குள் ஈ காக்கை இருக்கக் கூடாது. போர்மேன் விசில் ஊதி எல்லாரையும் வெளியேற்றினார். வேன் ஊருக்குள் வரும்போது கோடைமழை சடசடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பொன்மணி நனைந்த கோழியாக வீட்டுக்குள் ஓடி வந்தாள். வெள்ளைத்தாய் ஒரு துண்டைத் தூக்கி அவள் தலைமேல் போட்டு, கருப்பட்டிக் காப்பியை முன்னால் வைத்தாள். கரண்ட் போயிருந்தது. ராத்திரி கரண்ட் வருமோ வராதோ என்று மாவை ஆட்டுரலில் போட்டு ஆட்ட உட்கார்ந்தார்கள். பொன்மணி குழவியைச் சுற்ற, வெள்ளைத்தாய் மாவைத் தள்ளிவிட்டாள். கூரைத்தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் கொஞ்சம் உரக்கவே பேச வேண்டியிருந்தது.

"ஏட்டி, நான் ஒன்னைய ஒருநாளாவது ஒரு சொல்லு சொல்லியிருக்கேனா?"

"தெனமும் சொல்லுவீக."

"அது வாய்ப்பேச்சு. மனசறிஞ்சு சொன்னேனா?"

"இல்ல அத்தை."

"பெறகு என்னத்துக்குட்டி போறே?"

பொன்மணி குழவியை நிறுத்தவில்லை. "உங்களை விட்டா போறேன்? உங்க மகனை விட்டுப் போறேன். அவரு போயி எத்தனை வருசம் ஆச்சு. அன்னைக்கு நம்ம ரெண்டு பேரும் சேந்து உக்காந்துதானே அளுதோம்."

"அவன் வருவான்."

"வரமாட்டாரு. வந்தாலும் எனக்கு வேண்டாம். அங்கன ஒரு பச்சைப்புள்ளை இருக்கு. நீங்க போயி உங்க பேத்தியைப் பாக்கணுமா இல்லையா? என்னைய வீட்டுல வச்சுக்கிட்டு அவளைப் பாக்கப் போகப்புடாதுன்னு பிடிவாதமா இருக்கீக. ஆசையை அடக்கிக்கிட்டு இருக்கது எனக்குத் தெரியாதாக்கும்?"

வெள்ளைத்தாய் சொளகில் இருந்த வெந்தயத்தைச் சும்மா புடைத்தாள்.

"இங்கன ஒனக்குச் சோறு இல்லையா, துணி இல்லையா? நான் கண்ணை மூடிட்டா இந்த வீடு ஒனக்குத்தானே?"

"வீடு எனக்கு எதுக்கு அத்தை? முப்பது வயசு ஆகப் போகுது. சரம் பின்னுத எடத்துல ஒவ்வொருத்தியும் புள்ளைக்குச் சளி, புள்ளைக்குப் பரிச்சைன்னு பேசுதாளுக. நான் வெடியை அடுக்கிக்கிட்டு உக்காந்திருக்கேன். எனக்கும் ஒரு புள்ளையை மடியில போட்டு ஆட்டணும்னு இருக்கு. வாயை விட்டுச் சொல்லிட்டேன். நீங்க திட்டுனாலும் சரி."

மழை கொஞ்சம் குறைந்தது. வாசலில் கரிசல் மண் குழைந்து கிடந்தது. வெள்ளைத்தாய் அதைப் பார்த்தபடி, "ஏட்டி, சொல்லாமக் கொள்ளாம அவன் வேன்ல ஏறிப் போயிருக்கலாம்ல? எத்தனை பேரு போறாளுக. எவ நாலணாவைத் தூக்கிக்கிட்டு அலையுதா?" என்றாள்.

"போயிருக்கலாம். பெறகு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உங்க வாசல்ல வந்து நிப்பேன்? நீங்க அனுப்பிவச்சாத்தானே அத்தை நான் திரும்பி வர முடியும்."

பொன்மணி மாவை வழித்துப் பானையில் ஊற்றி உப்பைப் போட்டுக் கலக்கி வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து வெள்ளைத்தாய் அதே பானையைத் திறந்து, எங்கேயோ பார்த்துக்கொண்டு, இன்னொரு கை உப்பை அள்ளிப் போட்டாள்.

சீசன் ஆர்டர் நெருக்கியதால் மறுநாள் ஞாயிற்றுக்கிழமையிலும் அரை நாள் வேலை வைத்திருந்தார்கள். காலையில் வேன் முக்கில் பெரிய களேபரம். ஒருத்தி கடித்துவிட்டுத் துப்பினாள். "என்ன அத்தை, தூத்துக்குடி உப்பளத்தை அப்பிடியே கொட்டிட்டீகளா?" என்றாள் இன்னொருத்தி. வாங்கினவர்கள் எல்லாம் பெட்டியிலேயே திருப்பிப் போட்டார்கள். வெள்ளைத்தாய்க்கு மானம் போயிற்று. எத்தனை வருசத்து வியாபாரம், ஒருநாளும் கரிப்பு என்று பெயர் வாங்காதவள். பெட்டியை மூடி இடுப்பில் வைக்கப் போனபோது கதிரவன் வழக்கம்போல வந்து நின்றான்.

"பெரியம்மா, நாலு."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். தீர்ந்துவிட்டது என்று சொல்லவில்லை. இலையைக் கிழித்து நாலு வைத்துக் கொடுத்தாள். அவன் நின்றுகொண்டே தின்றான். நாலும் தீர்ந்ததும் இன்னும் ரெண்டு கேட்டான். கண்ணில் தண்ணீர் நிற்கிறது, தின்கிறான்.

"உப்பு எப்பிடி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு பெரியம்மா."

"பொய் சொல்லுதவனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டாக."

"உப்பு கூடத்தான். ஆனா கெடைக்காம கெடச்சிருக்கு."

வெள்ளைத்தாய் முந்தியால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டாள். சிரித்தாளா அழுதாளா என்று வேனில் இருந்தவர்களுக்கு இன்றைக்கும் தகராறு. ஆனால் வேன் கிளம்பியதும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. பணியாரப் பெட்டியை அய்யாதுரை கடையில் வைத்துவிட்டு, விருதுநகர் பஸ் வந்ததும் ஏறிப் போனதை ஊர் பார்த்தது.

சாயங்காலம் தொட்டி நிழலில் கூட்டம் கூடியது. காசை மகளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு நாகையா தோற்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தார். முத்துப்பாண்டி திருப்பூரிலிருந்து வந்திருந்தான்; சட்டைப்பையில் குழந்தை போட்டோ ஒன்று எட்டிப் பார்த்தது. கதிரவன் தள்ளி வேனில் சாய்ந்து நின்றான். பொன்மணி தன் இடத்தில் உட்கார்ந்து, சிவந்த விரல்களால் முந்தி முடிச்சைத் திருகிக்கொண்டிருந்தாள். அன்றைக்கும் இல்லை என்றால் ஆனி போய்விடும், ஆடி வந்துவிடும், பிறகு தீபாவளி சீசன், பிறகு யாருக்குத் தெரியும். அவள் முகத்தில் அது எழுதி ஒட்டியிருந்தது.

"கடை கெடைக்கல" என்று கருப்பணன் ஆரம்பித்தார். "நானும் நாகையாவும் அலையாத எடமில்ல..."

"கொஞ்சம் பொறுங்க" என்று ஒரு குரல் வந்தது.

வெள்ளைத்தாய் தலையில் ஒரு கூடையோடு வந்தாள். தொட்டிக்கு ஓரமாக ஒரு சாக்கை விரித்தாள். ஈரத்துணியைப் பிரித்து ஒரு கவுளி வெற்றிலையை எடுத்து வைத்தாள், பக்கத்தில் கொட்டைப்பாக்கு, ஒரு சின்னச் செப்பில் சுண்ணாம்பு. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன வெள்ளைத்தாயி இது?" என்றார் கருப்பணன்.

"பாத்தாத் தெரியல? கடை. நாலணாவுக்கு ரெண்டு வெத்தலை, ஒரு பாக்கு. வேணுங்கதவுக வாங்கலாம்."

அய்யாதுரை தன் கடையிலிருந்து எட்டிப் பார்த்து, "அந்த விலைக்கு வித்தா கட்டுபடியாகாது வெள்ளைத்தாயி" என்றார். "ஒன் கடையைப் பாருய்யா" என்றாள் அவள்.

பொன்மணி எழுந்து காசைத் தட்டில் வைத்தாள். முத்துப்பாண்டி எடுத்துக்கொண்டு அம்மாவுக்கு முன்னால் போய்க் குந்தினான்.

"அம்மா..."

"அம்மா கிம்மான்னு கூப்பிடாத. ஏவார நேரம். காசைக் குடு."

கொடுத்தான். வெள்ளைத்தாய் காசை வாங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பரிசத்தன்று அதை முடிந்துவிட்டவளே அவள்தான். கண் நிரம்பிக் கன்னத்தில் இறங்கியது. துடைக்கவில்லை.

"செல்லும்" என்றாள், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி. "நல்லாச் செல்லும்."

ரெண்டு வெற்றிலையை எடுத்து, காம்பைக் கிள்ளி, நரம்பை உரித்து, சுண்ணாம்பு தடவி, பாக்கை வைத்து மடித்துக் கொடுத்தாள். ஒன்றை முத்துப்பாண்டி வாங்கிப் போட்டான். இன்னொன்றைக் கருப்பணன் தட்டில் வைத்துப் பொன்மணியிடம் நீட்டினார். இருவரும் மென்று ஆளுக்கொரு பக்கம் துப்பினார்கள்.

"தீந்தது" என்றார் கருப்பணன்.

நாகையா துண்டில் மூக்கைச் சிந்தினார். அத்துவிட்ட பெண் அதற்கு மேல் புருஷன் வீட்டுப் பக்கம் திரும்பக் கூடாது, நேரே அப்பன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அதுவும் வழக்கம். பொன்மணி ரெண்டு அடி நடந்தாள். பிறகு நின்றாள். திரும்பி வந்து சாக்குக்கு முன்னால் குந்தினாள். இடுப்பிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து நீட்டினாள்.

"அத்தை, எனக்கு ஒரு நாலணா வெத்தலை."

வெள்ளைத்தாய் அவளையே பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ரெண்டு வெற்றிலையும் ஒரு பாக்கும் மடித்து அவள் கையில் வைத்தாள். ஒரு ரூபாயை வாங்கித் தன் முந்தியில் இறுக்கி முடிந்துகொண்டாள்.

"மிச்சம் முக்கா ரூவாய்க்குச் சில்லறை இல்ல. நாளைக்கு வீட்டுல வந்து வாங்கிக்கோ."

"நாளைக்கும் உங்ககிட்ட அந்தச் சில்லறை இருக்காதே அத்தை."

"அப்ப நாளான்னைக்கு வா" என்றாள் வெள்ளைத்தாய்.